நிக்கல் ஒவ்வாமை, மலைக் குளிர், மைனஸ் ஆறு பவர்: எந்த ஃபிரேம் வாங்கலாம்?

கேட்பவர்: உலர்த்திப் பிரிவு, கோத்தகிரி

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் ஆறு பவர் என்பதால், காலையில் எழுந்ததும் மாட்டுகிற கண்ணாடியை இரவு படுக்கும்போதுதான் கழற்றுவேன். போன வருடம் தங்க நிறத்தில் ஓர் உலோக ஃபிரேம் வாங்கினேன். விற்றவர் அதை டைட்டானியம் என்றுதான் சொன்னார். ஐப்பசி, கார்த்திகை மழை முடிவதற்குள் மூக்குத் தாங்கியைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவைச் சுற்றிப் பாசி பிடித்தாற்போலப் பச்சை படர்ந்துவிட்டது. துடைத்தால் துணியில் ஒட்டிக்கொண்டு வருகிறது, சில நாளில் மறுபடி படிகிறது. காதுக்கு மேலே கம்பி உரசும் இடத்தில் முலாம் தேய்ந்து, உள்ளே வேறொரு நிறம் எட்டிப் பார்க்கிறது. அந்த இடத்திலும் மூக்கின் இரு பக்கங்களிலும் தோல் சிவந்து, அரித்து, பிறகு செதிலாக உரிகிறது. தோல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, இது நிக்கல் ஒவ்வாமை, ஃபிரேமை மாற்றாமல் களிம்பு மட்டும் தடவிப் பயனில்லை என்று சொல்லிவிட்டார்.

என் வேலையின் தன்மையையும் சொல்லிவிடுகிறேன். உலர்த்தி இயந்திரத்தின் பக்கத்தில் நின்றால் வியர்வை வழியும். கதவைத் திறந்து வெளியே வந்தால் பனிமூட்டம் முகத்தில் அறையும். தூளிலிருந்து பறக்கும் பஞ்சு போன்ற நார் கீல்களுக்குள் புகுந்துகொள்கிறது. கடைகளில் கேட்டால் ஒருவர் டிஆர்-90 பிளாஸ்டிக் என்கிறார், ஒருவர் அசிடேட் பிளாஸ்டிக் என்கிறார், ஒருவர் சர்ஜிக்கல் ஸ்டீல் என்கிறார், இன்னொருவர் லென்ஸைச் சுற்றி விளிம்பே இல்லாத ரிம்லெஸ் போட்டுவிட்டால் உலோகமே தோலில் படாது என்கிறார். ஃபிரேமுக்கு மட்டும் நாலாயிரம் ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றிருக்கிறேன். எதை நம்பி வாங்குவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கண்ணாடிக்கடைக்காரர், குன்னூர்

ஐயா, வணக்கம். நீங்கள் விவரித்திருப்பதைப் பார்த்தால், உங்கள் ஃபிரேம் டைட்டானியமாக இருக்க வழியே இல்லை. டைட்டானியம் பச்சை பூக்காது. பச்சை வந்தது என்றால் அடியில் செம்பு இருக்கிறது என்று பொருள். குறைந்த விலை உலோக ஃபிரேம்கள் பெரும்பாலும் இரண்டு கலவைகளில் ஒன்றால் செய்யப்படுகின்றன. ஒன்று, மோனல் எனப்படும் நிக்கல்–செம்புக் கலவை. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிக்கல்தான். மற்றொன்று, ஜெர்மன் சில்வர் என்று நாம் பாத்திரக் கடைகளில் கேட்டுப் பழகிய செம்பு–நிக்கல்–துத்தநாகக் கலவை. பெயரில் இருக்கிற வெள்ளி பொருளில் ஒரு துளிகூடக் கிடையாது. இரண்டுமே வளைக்கவும் பற்றவைக்கவும் எளிதானவை, அதனால்தான் இந்தத் தொழிலில் இத்தனை காலம் நிலைத்திருக்கின்றன. அவற்றின் மேல் ஒரு மெல்லிய முலாமும் அதன் மேல் ஒரு வார்னிஷும் பூசி விற்கிறார்கள். முலாம் இருக்கிறவரை ஒன்றும் தெரியாது. அது முதலில் தேய்வது மூக்குத் தாங்கியின் கம்பியிலும், காதுக்கு மேலே உரசும் இடத்திலும்தான். உங்களுக்கு அரிக்கும் இடங்களும் அவையேதான்.

ஆகவே எந்த ஃபிரேமைக் கையில் எடுத்தாலும் முதல் கேள்வி, முலாமுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதாகவே இருக்கட்டும். தங்கமா கறுப்பா என்பது பிறகு. டைட்டானியம் என்று சொல்லி விற்றால், ஃபிரேமின் காதில் மாட்டும் கையின் உட்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். டைட்டானியம் என்ற பெயரை அடுத்து ‘பி’ என்ற எழுத்து இருந்தால் முழு ஃபிரேமும் டைட்டானியம் என்றும், ‘சி’ இருந்தால் ஒரு பகுதி மட்டுமே டைட்டானியம், மீதி வேறு உலோகம் என்றும் கொள்வது வழக்கம். எழுத்தே இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள். எழுத்து இருந்தாலும் விலையைப் பார்த்துச் சற்று யோசியுங்கள், ஏனென்றால் அச்சடிக்க யாரும் காசு கேட்பதில்லை. காந்தத்தை வைத்துப் பார்க்கச் சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு. காந்தம் ஒட்டினால் அது நிச்சயம் டைட்டானியம் இல்லை. ஒட்டாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது, ஏனென்றால் ஜெர்மன் சில்வரும் ஒட்டாது, நல்ல எவர்சில்வரும் ஒட்டாது. அதைவிட எடையை நம்பலாம். ஒரு கன சென்டிமீட்டர் டைட்டானியம் நாலரை கிராம், ஸ்டீல் எட்டு கிராமுக்குச் சற்றுக் குறைவு, மோனல் கிட்டத்தட்ட ஒன்பது கிராம். ஒரே தடிமனுள்ள இரண்டு ஃபிரேம்களை இரு உள்ளங்கைகளிலும் வைத்துப் பார்த்தால் வேறுபாடு உடனே தெரியும்.

நெகிழ்ந்து மீளும் ‘மெமரி மெட்டல்’ ஃபிரேமைக் காட்டி, இதுவும் டைட்டானியம்தான் என்று சொல்வார்கள். பாதி உண்மை அது. நிட்டினால் என்ற அந்தக் கலவையில் எடைக்கணக்கில் பாதிக்கு மேல் நிக்கல். வேறு யாருக்கானாலும் குறை சொல்ல மாட்டேன், உங்களுக்கு வேண்டாம். பீட்டா டைட்டானியம் என்பது வேறு. அதில் வனேடியம், அலுமினியம் போன்றவற்றைக் கலந்து வில்போல் துள்ளச் செய்திருப்பார்கள், நிக்கல் சேர்ப்பதில்லை.

ரிம்லெஸ்ஸைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். உலோகம் படாது என்பதே தவறு. மூக்குத் தாங்கியின் கம்பியும் கைகளும் உலோகம்தானே? மேலும் மைனஸ் ஆறுக்கு லென்ஸின் ஓரம் முழுத் தடிமனோடு வெளியே தெரியும், துளையிட்ட இடத்தில் விரிசல் விடும் அபாயமும் உண்டு.

இப்போது யாரும் கேட்காத, ஆனால் ஃபிரேமின் பொருளைவிட உங்களுக்கு முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். கையின் உட்பக்கத்தில் 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். லென்ஸின் அகலம், மூக்கின் மேல் இரண்டு லென்ஸுக்கும் இடையே உள்ள தூரம், கையின் நீளம் என்று மூன்றும் மில்லிமீட்டரில். மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிந்தும் ஓரத்தில் தடித்தும் இருப்பது உங்களுக்கே தெரியும். உங்கள் பவரில், லென்ஸின் மையத்திலிருந்து ஓரம் 30 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், சாதாரண 1.50 லென்ஸில் (லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் குறிக்கும் எண் இது; எண் கூடினால் லென்ஸ் மெலியும்) ஓரம் நடுவைவிடச் சுமார் 5.4 மில்லிமீட்டர் தடிக்கும். அதே லென்ஸை 25 மில்லிமீட்டரோடு முடிகிற சின்ன ஃபிரேமில் போட்டால் 3.75 மில்லிமீட்டர்தான். பெரிய ஃபிரேமை விடமாட்டேன் என்று பணம் கொடுத்து 1.67 லென்ஸ் வாங்கினாலும் 4 மில்லிமீட்டர் வருகிறது. அதாவது, சின்ன ஃபிரேமில் போட்ட மலிவான லென்ஸ், பெரிய ஃபிரேமில் போட்ட விலையுயர்ந்த லென்ஸைவிட மெலிதாக அமைந்துவிடுகிறது. எடை குறைந்தால் மூக்கில் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் வியர்வை தேங்குவதும் தோல் புண்ணாவதும் குறையும். எனவே 48 அளவுக்குள், உங்கள் கண்மணிகள் லென்ஸின் நடுவுக்குப் பக்கத்தில் வருமாறு தேர்ந்தெடுங்கள்.

மறுமொழி: வேதியியல் ஆசிரியை, கேத்தி

கடைக்காரர் ஐயா சொன்னதோடு நான் உடன்படுகிறேன். ஸ்டீலைப் பற்றி அவர் விரித்துச் சொல்லாததால் அதை மட்டும் சேர்க்கிறேன்.

சர்ஜிக்கல் ஸ்டீல் என்று விற்கப்படும் 316எல் வகையிலும் நிக்கல் இருக்கிறது, 10 முதல் 14 சதவீதம் வரை. ஆனால் ஒவ்வாமையைத் தீர்மானிப்பது உலோகத்துக்குள் எவ்வளவு நிக்கல் இருக்கிறது என்பதன்று; அதிலிருந்து எவ்வளவு நிக்கல் வியர்வையில் கரைந்து தோலுக்குள் போகிறது என்பதே. இந்த ஸ்டீலில் 16 முதல் 18 சதவீதம் குரோமியம் இருப்பதால், அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆக்ஸைடு படலம் தானாகவே உருவாகி நிக்கலை உள்ளேயே அடைத்துவைக்கிறது. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் படலம் மறுபடி மூடிக்கொள்கிறது. முலாம் அப்படியல்ல, போனால் போனதுதான். வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன; அவை மோனலிலிருந்து நிக்கலையும் செம்பையும் சேர்த்தே கரைக்கும். செம்பு பச்சையாக வெளியே தெரிகிறது. நிக்கல் சத்தமில்லாமல் தோலுக்குள் போகிறது. ஐரோப்பாவில் 1994-ஆம் ஆண்டு விதி ஒன்றைக் கொண்டுவந்தபோதும், இப்படித் தோலில் படும் பொருள்களுக்கு உலோகத்தில் உள்ள நிக்கலைக் கணக்கில் எடுக்கவில்லை. தோலோடு நீண்ட நேரம் ஒட்டியிருக்கும் பொருள் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளிவிடக் கூடாது என்றுதான் வரம்பு வைத்தார்கள். கண்ணாடி ஃபிரேம்களுக்கும் அந்த வரம்பு பொருந்தும். ஆகவே நல்ல 316எல் ஃபிரேம் பெரும்பாலான நிக்கல் ஒவ்வாமைக்காரர்களுக்கு ஒத்துப்போகும். உங்களுக்குத் தோல் உரியும் அளவுக்கு வந்திருப்பதாலும், உலர்த்தியின் பக்கம் நின்று வியர்ப்பதாலும், உங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

வாங்கும் முன் சோதிக்க ஒரு வழி உண்டு. டைமெத்தில்கிளையாக்ஸைம் என்ற வேதிப்பொருளையும் நீர்த்த அமோனியாவையும் பஞ்சில் தொட்டு, ஃபிரேமின் மறைவான ஓரிடத்தில் அரை நிமிடம் தேய்த்தால், நிக்கல் கசியும் பட்சத்தில் பஞ்சு ரோஜா நிறமாகும். பள்ளி ஆய்வகத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு இந்த நிறம் மறக்காது. இதையே சிறு குப்பிகளாக, நிக்கல் சோதனைக் கிட் என்ற பெயரில் இணையத்தில் விற்கிறார்கள். ஆனால் முலாம் புதிதாக இருக்கும்போது அடியில் உள்ள நிக்கல் சிக்காது என்பதால், பஞ்சு வெளுப்பாகவே இருந்தாலும் அதை முழு உத்தரவாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் பழைய ஃபிரேமில், முலாம் தேய்ந்த இடத்தில் தேய்த்துப் பாருங்கள், நிறம் எப்படி வரும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும்.

இன்னொன்று. நிக்கல் ஒவ்வாமை உடனே தெரிவதில்லை, ஒன்றிரண்டு நாள் கழித்தே தடிப்பு எழும். கடையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்த்துவிட்டு அரிக்கவில்லையே என்று முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

மறுமொழி: சிறுவிவசாயி, மஞ்சூர்

இவ்வளவு வேதியியல் எதற்கு என்று தோன்றுகிறது. உலோகமே வேண்டாம் என்று வைத்தால் நிக்கல் பற்றிய கவலையே இல்லையே! என் அம்மா இலை பறிக்கிறவர். தலையில் முக்காடு, அதன் மேல் கூடையின் பட்டை, அதன் அடியில் கண்ணாடியின் கை என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தும். முன்பு போட்டிருந்த உலோக ஃபிரேம் ஒவ்வொரு பருவத்துக்கும் கோணிக்கொண்டு வந்தது. இப்போது டிஆர்-90 போட்டிருக்கிறார். வரப்பில் விழுந்து, மிதிபட்டு, மழையில் ஊறி, இன்னும் அப்படியே இருக்கிறது. குளிர்கால விடியலில் உலோகம் காதில் ஐஸாகச் சுடும், இதில் அந்தத் தொல்லையும் இல்லை. விலையும் உங்கள் கணக்குக்குள் பாதிகூட ஆகாது.

மறுமொழி: கண்ணாடிக்கடைக்காரர், குன்னூர்

மஞ்சூர் தம்பி சொல்வது அவருடைய அம்மாவுக்கு முற்றிலும் சரி. அம்மாவின் பவர் என்ன என்று அவர் சொல்லவில்லை. ஒன்று, ஒன்றரைக்குள் இருக்கும் என்று ஊகிக்கிறேன்.

டிஆர்-90 நைலான் குடும்பத்தைச் சேர்ந்தது, அதன் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான். அசிடேட்டைவிட அது இலேசு, அடித்தாலும் உடையாது. அந்த நெகிழ்ச்சியே கனத்த லென்ஸுக்குக் குறையாகிறது. மைனஸ் ஆறு லென்ஸின் ஓரம் தடித்தது, நெகிழாதது. விளிம்பு வளையும்போது லென்ஸ் வளையாமல் பள்ளத்தைவிட்டுத் துள்ளி வெளியே வந்துவிடும். தேயிலை இயந்திரத்துக்கு மேலே குனிந்து நிற்கும்போது அப்படி நடந்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். இரண்டாவது குறை, அதைத் திருத்த முடியாது. காதுப் பக்கம் சற்று வளைக்கலாம்; முன்பக்கத்தைச் சூடுகாட்டித் திருத்தினாலும் பழைய வடிவத்துக்கே திரும்பும். கீல் பிய்ந்தால் ஒட்டவும் முடியாது, தூக்கிப்போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டியதுதான்.

அசிடேட் அப்படியல்ல. பருத்தியிலிருந்தோ மரக்கூழிலிருந்தோ எடுத்த செல்லுலோஸை அசிட்டிக் அமில வகைகளோடு வினைப்படுத்தி, இளக்கப் பொருள் சேர்த்துப் பலகையாக்கி, அந்தப் பலகையிலிருந்து வெட்டி எடுக்கிற ஃபிரேம் அது. இதற்கு முன் இருந்த செல்லுலாய்டு ஃபிரேம்களில் சூடத்தை இளக்கப் பொருளாகச் சேர்ப்பார்கள். அவை நெருப்புப் பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். அசிடேட் அவ்வளவு எளிதில் பற்றாது. இதமாகச் சூடுகாட்டினால் இளகும், நாம் கொடுத்த வடிவத்தில் ஆறி நிற்கும். தடித்த லென்ஸைப் பள்ளத்துக்குள் நன்றாகப் பிடித்துக்கொள்ளும், லென்ஸின் ஓரத்தையும் பாதி மறைத்துவிடும். விரிசல் விட்டால் அசிட்டோன் தொட்டு ஒட்டித் தேய்த்துப் பளபளப்பாக்கலாம். இந்த வேலையைச் செய்ய மேட்டுப்பாளையம் இறங்க வேண்டியதில்லை.

அதற்கும் சில நோய்கள் உண்டு. சில வருடங்களில், குறிப்பாகக் காதோரத்திலும் மூக்கோரத்திலும் வெள்ளை பூத்தாற்போல மங்கும். இளக்கப் பொருள் மேலே வந்து வியர்வையோடு போய்விடுவதால் அது நிகழ்கிறது. பாலிஷ் போட்டால் பெரும்பாலும் சரியாகும். சானிடைசரைக் கொண்டு துடைத்தால் இந்த மங்கல் சீக்கிரமே வரும். நம் மலையில் சளி பிடித்ததும் மூக்கிலும் நெற்றியிலும் தைலம் தேய்ப்பது எல்லார் வீட்டுப் பழக்கம். தேய்த்த கையோடு கண்ணாடியைத் தொடாமல், கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள். அசிடேட்டுக்கு மட்டுமன்று, லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருந்தால் அதற்கும் இது நல்லது. சமவெளிக்கு இறங்கும் நாளில் காரின் முன்பலகையில் கண்ணாடியை வைத்துவிட்டுப் போகாதீர்கள். கோத்தகிரி வெயிலில் ஒன்றும் ஆகாதது, மேட்டுப்பாளையம் வெயிலில் கோணிவிடும்.

ஆவி படிவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். எந்தப் பொருளில் ஃபிரேம் செய்தாலும், குளிர்ந்த லென்ஸோடு சூடான ஈரக்காற்றுக்குள் நுழைந்தால் ஆவி படியும். ஆனால் லென்ஸ் கன்னத்தையும் புருவத்தையும் ஒட்டியிருந்தால் காற்றோட்டமின்றி அது சீக்கிரம் கலையாது. அசிடேட்டில் மூக்குத் தாங்கி ஃபிரேமோடு சேர்ந்தே இருப்பதால் தள்ளிவைத்துச் சரிசெய்ய வழி குறைவு. தனி மூக்குத் தாங்கிகள் உள்ள உலோக ஃபிரேமில் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் என்று தேவைக்கேற்பத் தள்ளிவைக்கலாம். உங்கள் வேலையில் இது சின்ன விஷயமன்று. இரவு பகல் போடுவதற்கு அசிடேட்டே போதும் என்று சொல்லியிருப்பேன். இந்த ஒரு காரணத்துக்காக டைட்டானியத்தையும் தராசில் வைக்கிறேன்.

கேட்பவர்: உலர்த்திப் பிரிவு, கோத்தகிரி

அனைவருக்கும் மிக்க நன்றி. ஆசிரியை அம்மா சொன்ன சோதனையைப் பழைய ஃபிரேமில் செய்து பார்த்தேன். காதுப் பக்கம் தேய்ந்த இடத்தில் பஞ்சு நன்றாகவே சிவந்துவிட்டது, இனி அந்த ஃபிரேமின் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. முன்பக்கம் மெல்லிய டைட்டானியம், காதுப் பகுதியில் அசிடேட் உறை, 47 அளவு என்று ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். விலை என் கணக்கைச் சற்றுத் தாண்டுகிறது, இருந்தாலும் பரவாயில்லை. இரண்டு சந்தேகங்கள் மட்டும். டைட்டானியம் உடைந்தால் மலையில் பற்றவைக்க முடியுமா? புதியது தயாராகும்வரை பழைய ஃபிரேமைத்தான் போட்டாக வேண்டும், அதுவரை தோலைக் காப்பாற்ற ஏதாவது வழி உண்டா?

மறுமொழி: வேதியியல் ஆசிரியை, கேத்தி

நிறமற்ற நகப்பூச்சை முலாம் போன இடங்களில் இரண்டு தடவை பூசலாம். சில நாள் தாங்கும், பிறகு மறுபடி பூச வேண்டும். பூசும் முன் பச்சையை முழுவதும் துடைத்து, ஈரம் போகக் காயவைத்துவிடுங்கள். புதிய ஃபிரேமின் அசிடேட் உறையில் இதைச் செய்யாதீர்கள். நகப்பூச்சில் உள்ள கரைப்பான் அதை அரித்துவிடும்.

மறுமொழி: கண்ணாடிக்கடைக்காரர், குன்னூர்

நகப்பூச்சைவிடக் காதுப் பக்கத்துக்கு மெல்லிய சிலிக்கான் உறை நல்லது. கையின் முனையிலிருந்து நுழைத்து மேலே இழுத்துவிட்டால் போதும். மூக்குத் தாங்கிகளையும் புதிய சிலிக்கானாக மாற்றிக்கொள்ளுங்கள். மஞ்சளாகிக் கடினமாகிவிட்ட பழைய தாங்கிகளின் ஓரம் வழியாகக் கம்பி தோலைத் தொடுவதைப் பலர் கவனிப்பதில்லை.

டைட்டானியத்தை இங்கே யாரிடமும் பற்றவைக்கக் கொடுக்காதீர்கள். சாதாரணச் சூட்டில் அதன் மேல் ஆக்ஸைடு படிந்துவிடுவதால் பற்றாசு ஒட்டாது, லேசர் வைத்திருப்பவர்களிடம்தான் அனுப்ப வேண்டும். அதனால் பணம் கொடுக்கும் முன் கடையில் மூன்று இடங்களைப் பாருங்கள். மூக்குத் தாங்கியின் கம்பியும் டைட்டானியமா, இல்லை அங்கு மட்டும் வேறு உலோகமா என்று கேளுங்கள். முன்பக்கம் டைட்டானியமாக இருந்தும் அந்த ஒரு கம்பியால் அரிப்பு தொடர்ந்தவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அசிடேட் உறை காதுக்கு மேலே உரசும் இடம்வரை நீண்டிருக்கிறதா, வெறும் நுனியோடு நின்றுவிடுகிறதா என்று மாட்டிப் பாருங்கள். கீலில் ஸ்பிரிங் வைத்த வகையைத் தவிர்த்துவிடுங்கள். அந்தக் கூட்டுக்குள் தேயிலை நார் புகுந்தால் சுத்தம் செய்ய வழியில்லை. சாதாரணக் கீலாக இருந்தால் ஸ்க்ரூவைக் கழற்றி, பழைய பல்துலக்கியால் தட்டி, திரும்ப மாட்டிவிடலாம்.

லென்ஸை 1.60-இல் போட்டால் போதும். 47 அளவுக்கு 1.67 கேட்டுக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.